நாளையிலிருந்து வரவேண்டாம்

1

"சார், எனக்குப் பரீட்சை லீவு வேணும்."

இந்த வரி என்னுடையதில்லை. 1991 அக்டோபரில் ஒருநாள் காலை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற பஸ்ஸில் பிள்ளைப்பாக்கத்தில் ஏறிய ஒரு பெண்ணுடையது. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் செங்கல் கனத்துக்கு ஒரு காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு இந்த வரியை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். முதலில் கெஞ்சி. பிறகு சாதாரணமாக. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த மூன்றாவதுதான் சரி, அதையே சொல்லு என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இறங்க வேண்டிய ஃபாக்டரி ஸ்டாப் வந்துவிட்டது.

அவள் கேட்டாளா, கிடைத்ததா, எதுவும் எனக்குத் தெரியாது. சி.ஏ. ரிசல்ட் ஜனவரியில்தான் வரும். நான் இதை டிசம்பரில் எழுதுகிறேன். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். கையில் ஒரு வரி இருக்கிறது, மிச்சத்தைக் கட்டுகிறேன். கட்டி முடித்த பிறகும் சாரத்தைப் பிரிப்பதாக இல்லை. மேஸ்திரி எங்கே நின்றாள் என்று தெரியட்டும்.

2

முதலில் பெயர். கவிப்பிரியா என்று வைத்தேன். பிள்ளைப்பாக்கத்தில் இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பிறந்த பெண்ணுக்கு எவன் கவிப்பிரியா என்று வைத்தான்? அடித்துவிட்டேன். அம்சவல்லி. வீட்டில் அம்சா. அவள் வம்சத்தில் முதல் பட்டதாரி. (நானும் என் வீட்டில் அப்படித்தான். அதனால் இவள் பக்கம் கொஞ்சம் சாய்வேன். பொறுக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.)

காஞ்சிபுரத்து ஆடிட்டர் தணிகாசலத்திடம் அவள் ஆர்ட்டிகிள்ஸ். மூன்று வருஷம் ஒரு ஆடிட்டரின் கீழ் வேலை பழகி, அவர் அதற்குக் கையெழுத்துப் போட்டால்தான் யாரும் சி.ஏ. ஆக முடியும். இவள் இரண்டு வருஷம் முடித்துவிட்டாள். நடுவில் தாண்ட வேண்டிய இன்டர் பரீட்சையை மே மாதம் எழுதிக் கோட்டை விட்டாள்.

[ஸ்ரீபெரும்புதூர், 1991, மே மாதம் என்றதும் நீங்கள் கழுத்தை நீட்டுவது தெரிகிறது. அது இந்தக் கதையில் இல்லை. இந்தப் பக்கத்து ஆள் என்று சொன்னாலே எல்லோரும் குண்டு வெடித்த அந்த ஒரு ராத்திரியைத்தான் கேட்கிறார்கள். அதே மாதம் இங்கே ஒருத்தி பரீட்சையில் தோற்றாள். அதை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கிறேன்.]

அப்பா தாண்டவராயன், ஊருக்கு அடுத்த ஸ்டாப்பில் இருக்கும் வார்ப்பட ஃபாக்டரியில் வாட்ச்மேன். அந்த ஃபாக்டரிக்கும் தணிகாசலம்தான் ஆடிட்டர். மேனேஜர் முன்னால் கைகட்டி நின்று, அவரை விட்டுச் சொல்லவைத்து, மகளுக்கு அந்த இடத்தை வாங்கினார். சேர்வதற்கு முதல் நாள் அவளிடம் சொன்னது:

"தோ பாரு அம்சா. ஆடிட்டர் அய்யாகிட்ட வாயத் தொறந்து எதுவும் கேட்டுடாத. அவரா குடுத்தா வாங்கிக்க."

"கேட்டா இன்னாப்பா ஆவும்?"

"கேட்டவன் எவனும் உள்ள இல்ல."

"நீ கேட்டுதான எனக்கு எடம் வாங்கின?"

"அதான் சொல்றேன். ஒரு தபா கேட்டாச்சி. நம்ம வூட்டுக்கு அவ்ளோதான்."

மே மாதம் தோற்ற பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. "நவம்பர்லயும் புட்டுக்கிச்சின்னா நம்ம ஃபாக்டரில டைப்பிஸ்ட்டா சேந்துடு. மேனேஜர்கிட்ட வாக்கு குடுத்துட்டேன்." கேட்டில் அப்பா, உள்ளே மகள். தினமும் சாயங்காலம் அப்பாவே மகளின் பையைத் திறந்து பார்த்து வெளியே அனுப்புவார். இந்தக் காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் அம்சா புத்தகத்தில் ஒரே பக்கத்தை நாலு முறை படிப்பாள். நாலு முறையும் அது புதுப் பக்கமாகவே இருக்கும்.

(அம்மா எங்கே என்கிறீர்களா? வேலைக்குப் போயிருக்கிறாள். கதை என்றால் அம்மா அடுப்படியிலேயே நிற்க வேண்டுமா?)

3

தணிகாசலம் ஆபீசில் பரீட்சை லீவைக் கேட்டு வாங்குவதில்லை. அங்கே வழக்கம் வேறு. ஒருநாள் சாயங்காலம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நீ நாளையிலிருந்து வரவேண்டாம்பா" என்பார். வேறு ஆபீசில் இதைக் கேட்டவன் அழுவான். இங்கே மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்குவான். வீட்டில் உட்கார்ந்து படிக்கச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

யாரிடம் முதலில் சொல்வார்? எவன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றோ அவனிடம். கூட்டல் பிசகுகிறவன், வவுச்சரைத் தலைகீழாக வைத்துக்கொண்டு டிக் அடிக்கிறவன், சாப்பிடப் போனால் சினிமா பார்த்துவிட்டு வருகிறவன், இந்த வரிசையில் போவார்கள். கடைசிவரை மிஞ்சுகிறவர்கள் யாரில்லாமல் வேலை ஓடாதோ அவர்கள். டாக்ஸ் ஆடிட் முடிக்கக் கெடு அக்டோபர் கடைசி. பரீட்சை நவம்பர் முதலில். போன மே மாதம் அம்சாவிடம் சார் அந்த வார்த்தையைச் சொன்னபோது பரீட்சைக்கு ஒரு வாரம்கூட இல்லை. அவளுடைய கூட்டல் ஒருநாளும் தப்பியதில்லை. அதற்குக் கிடைத்த பரிசு அது.*

அக்டோபர் மழையில் நனைந்த ஃபாக்டரியின் புகைபோக்கி ஒரு ஏக்கம் பிடித்த —

(விட்டேன். புகைபோக்கிக்கு ஏக்கம் கிடையாது, புகைதான்.)

* சட்டப்படி ஆர்ட்டிகிள்ஸுக்கு லீவு உண்டு. விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றுகூட அம்சாவுக்குத் தெரியும். பக்கம் தெரிந்தால் வாய் திறந்துவிடுமா?

4

இங்கே சுபாஷைக் கொண்டுவருகிறேன். கூட ஆர்ட்டிகிள்ஸ் பழகுகிறவன், காஞ்சிபுரத்து மரக்கடைக்காரர் மகன். பரீட்சைக்கு வேண்டிக்கொள்ள வல்லக்கோட்டை முருகனிடம் பைக்கில் போகிறவன், அம்சா ஆடிட் செய்கிற ஃபாக்டரிக்கு எதிர் டீக்கடையில் அவளைப் பார்த்து வண்டியை நிறுத்துகிறான்.

"இன்னா அம்சா, இன்னும் ஆடிட்டுதானா?"

"ஆமா. நீ?"

"என்னத்தான் ஆகஸ்ட்லயே அனுப்ச்சிட்டாரே. ரெண்டு ரிவிஷன் ஆயிடுச்சி. வூட்லயே குந்திகினு ஒரே போரு."

ஒரே போரு. அம்சா டீ கிளாஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ப்ராசஸ் காஸ்டிங் கணக்கு போட்டியா?"

"போட்டேன், போட்டேன். நீ?"

"இன்னும் தொறக்கவே இல்ல."

"உனக்கின்னாப்பா, மூளைக்காரி. பொஸ்தகத்தத் தலைக்கு வச்சிகினு தூங்குனாலே பாஸாயிடுவ."

(ஒரு டிராஃப்டில் அந்த டீயை அவன் சட்டையில் ஊற்றவிட்டேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டதைத் தவிர அவன் வேறு ஒன்றும் செய்யவில்லை. எடுத்துவிட்டேன்.)

கிளம்பும்போது அவன் நல்ல மனசோடு ஒரு யோசனையும் சொன்னான்: "ரெண்டு கூட்டலத் தப்பா போட்டு வையேன். மறாநாளே அனுப்ச்சிடுவாரு."

"நீ அப்டித்தான் பண்ணியா?"

"சீச்சீ. எனக்கு அது தானா வருது."

5

கதையை இங்கேயே முடித்துவிடலாம். முடித்தும் பார்த்தேன். தேய்மானக் கணக்கில் ஒரு சைபரை அம்சா விட்டுவிடுகிறாள். மறுநாள் இன்னொரு தப்பு. தணிகாசலம் கண்ணாடியைத் துடைக்கிறார். "உடம்பு சரியில்லையாம்மா? நீ நாளையிலிருந்து வரவேண்டாம்." படியில் இறங்கும்போது அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நீங்களும் சிரிப்பீர்கள். பத்திரிகைக்காரர்கள்கூட உடனே போட்டுவிடுவார்கள்.

ஆனால் எழுதும்போது ஒன்று நடந்தது. தப்பான கூட்டலுக்குக் கீழே ஆடிட்காரர்களின் பச்சை மையில் அவளை டிக் அடிக்க வைத்தேன். அடுத்த வரியை நான் யோசிப்பதற்குள் அவள் முந்தின வரிக்குப் போய் அதைத் திருத்திவிட்டாள். மறுபடி எழுதினேன். மறுபடி திருத்தினாள். கை கேட்கவில்லை, மகராசிக்கு.

பிறகுதான் எனக்கே உறைத்தது. முட்டாளாக நடித்து வாங்கினால் அது முட்டாளுக்குக் கொடுத்த லீவு. அடுத்த வருஷம் அந்த நாற்காலிக்கு வருகிற பெண்ணும் நடிக்க வேண்டும். இவள் இரண்டு வருஷம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்த ஒரே சொத்து, தப்பில்லாத கூட்டல். அதைக் கெடுத்துத்தான் வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் இந்தக் கதையை நான் எழுதவே வேண்டாம்.

6

ஆகவே கேட்கத்தான் வேண்டும். எங்கே? ஆபீசில் வைத்து எழுதினேன். கதவு சாத்தியிருந்தது, சார் நல்ல மனநிலையில் இருந்தார், ஃபேன் ஓடியது. அவள் வாயே திறக்கவில்லை. நல்ல நேரம் பார்க்கிறவளுக்கு எந்த நேரமும் இன்னும் கொஞ்சம் நல்லதாகலாம் என்றுதான் தோன்றும். ஃபாக்டரிக்குக் கொண்டுபோனேன். ஆடிட்டுக்கு ஒதுக்கிய அறை. மேஜையெல்லாம் ஃபைல். எதிரே தணிகாசலம், பக்கத்தில் மேனேஜர் காபியோடு. இதைவிடக் கெட்ட நேரம் கிடையாது. தாமதிக்க அவளுக்குச் சாக்கும் கிடையாது.

"சார்."

"டெட்டர்ஸ் லிஸ்ட் முடிஞ்சுதாம்மா?" ஃபாக்டரிக்குப் பாக்கி வைத்தவர்களின் பட்டியல்.

"முடிஞ்சிது சார். சார், எனக்குப் பரீட்சை லீவு வேணும்."

மூன்றாவது தினுசில்தான் வந்தது. மேனேஜரின் கப் பாதி வழியில் நின்றது.

தணிகாசலம் கோபப்படவில்லை. கோபப்படுகிற ஆளாகப் படைத்திருந்தால் எனக்கும் அவளுக்கும் வேலை சுலபம். அவர் சிரித்தார்.

"பாத்தீங்களா சார்? இந்தப் பொண்ணு இல்லைன்னா உங்க ஃபைல் ஒண்ணும் நகராது. யார் பொண்ணு தெரியுமில்ல? நம்ம கேட்டு தாண்டவராயன் பொண்ணு."

"நம்பவே முடியாது சார்" என்றார் மேனேஜர்.

"கெடு முடியட்டும்மா. நானே சொல்றேன்."

"அப்ப ரெண்டு மூணு நாள்தான் சார் இருக்கும்."

"உனக்கு அது போதும்."

"சுபாஷுக்கு ஆகஸ்ட்லயே குடுத்தீங்க."

"அவன் இருந்தாலும் ஒண்ணு, இல்லைன்னாலும் ஒண்ணு. உன்னை அப்படி விட முடியுமா?"

"அப்ப நல்லா வேல செஞ்சது என் தப்பா சார்?"

மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா பேச்சு இது? உங்கப்பன் எப்டி நின்னு கேட்டான் தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். அதனாலதான் நான் உக்காந்து கேக்கறேன்."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. குரலும் உயரவில்லை. "எழுந்து போறதுன்னா போ. ஆனா உன் ரெண்டு வருஷத்துக்கு நான்தான் கையெழுத்துப் போடணும். அதையும் யோசிச்சுக்கோ."

யோசித்தாள். யோசிக்காமல் இருந்தாள் என்று எழுதினால் பொய். அந்தக் கையெழுத்து விழவில்லை என்றால் பாஸானாலும் இரண்டு வருஷம் காற்றோடு போகும். பாஸாகவில்லை என்றால் டைப்பிஸ்ட் நாற்காலி. அதுவும், கேட்டில் அப்பாவை இவர்கள் விட்டுவைத்தால். இங்கேயே உட்கார்ந்திருந்தால்? மே மாதம்தான் திரும்பவும் வரும். பிறகு நவம்பர். இல்லாமல் முடியாது, இல்லாமல் முடியாது என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பரீட்சையையும் தின்றுவிடுவார்கள்.

பச்சைப் பேனாவை மூடினாள். ஃபைல்களை அடுக்கி அவர் பக்கம் தள்ளினாள்.

"டெட்டர்ஸ் லிஸ்ட் மேல கீது சார். கூட்டல் சரியா இருக்கும். நாளைலேர்ந்து நான் வரல."

7

ஃபாக்டரியில் சைரன் ஊதுவதற்கு முன்னால் யார் வெளியே போவதென்றாலும் மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். சீட்டு இல்லாமல் தாண்டவராயன் மேனேஜரின் மச்சானைக்கூட விட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம். மகளுக்குக் கூட்டல் எப்படியோ அப்படி.

பின்பக்க வேலியில் ஆடு நுழைகிற சந்து ஒன்று இருக்கிறது. ஃபாக்டரி வந்த புதிதில் அம்சாவே இங்கே ஆடு ஓட்டியிருக்கிறாள், அவளுக்குத் தெரியும். அவள் நல்லதுக்கென்று அந்தச் சந்தை நான்தான் வைத்தேன். அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேராக மெயின் கேட்டை நோக்கி நடந்தாள்.

தாண்டவராயன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். தோளில் பை. சைரன் ஊதவில்லை. கையில் சீட்டு இல்லை. ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

எழுந்தது திறக்கவா, மறிக்கவா? எழுதினால் தெரிந்துவிடும். எழுதமாட்டேன். திறக்க வைத்தால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பத்திரிகையை மடித்துவிடுவீர்கள். மறிக்க வைத்தால் அந்த மனுஷனைத் திட்டிவிட்டு, உள்ளே காபி குடிக்கிற இரண்டு பேரை மறந்துவிடுவீர்கள். இரண்டுக்கும் நான் ஆளில்லை. கேட்டை உங்களிடம் விடுகிறேன், ரிசல்ட்டை ஜனவரியிடம்.

என்னிடம் மிச்சமிருப்பது இவ்வளவுதான்.

"இன்னா அம்சா, இப்ப வர்ற? மேனேஜர்கிட்ட சீட்டு கேட்டியா?"

"இல்லப்பா. ஒரு தபா கேட்டாச்சி. அவ்ளோதான்."

சொல்லிக்கொண்டே வந்தாள். நடையைக் குறைக்கவில்லை.