சுவருக்குள் ஒரு சாயங்காலம்

சுவருக்குள் இருந்தவர் மூன்றாம் முறை தண்ணீர் கேட்டபோது கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்தார். முதல் இரண்டு முறையும் அது காவலறை ரேடியோ என்றே நினைத்திருந்தார். மடத்தின் எலும்பு மண்டபத்தில், வெள்ளிப் பேழைக்குப் பின்னால் ஓதம் ஏறிப் பூச்சு உதிர்ந்த சுவரைச் சரிசெய்ய அவரையும் அவர் மனைவியையும் வரச்சொல்லியிருந்தார்கள். அவள் கலவை கலந்து கொடுப்பாள், அவர் பூசுவார். கல்யாணமானதிலிருந்து அவர்கள் வேலை அப்படித்தான் நடந்தது. இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு கல் மட்டும் தொழில் தெரியாதவன் வைத்ததுபோலக் கோணலாக இருந்தது. அதை நெம்பி எடுத்ததும் உள்ளே ஒரு தாடியும் காய்ந்த உதடும் தெரிந்தன. கொத்தனார் மட்டம் பார்க்கிற குழாயின் ஒரு முனையை உதட்டில் வைத்து, மறுமுனையில் தன் பாட்டிலைக் கவிழ்த்தார். உள்ளே இருந்தவர் குடித்து முடித்து, பொழுது சாய்ந்துவிட்டதா என்று கேட்டார்.

எழுநூறு வருஷத்துக்கு முன் அந்த மடத்தை நிறுவிய தவசி தான்தான் என்று அவர் சொன்னார். சொன்ன விதத்தில் பெருமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. நான் இறந்தபின் என்னைக் கும்பிடாதீர்கள், மடத்தைப் பூட்டிவிட்டு ஊருக்குள் போய் உழைத்துச் சாப்பிடுங்கள் என்று அன்று மத்தியானம் சீடர்களிடம் சொல்லியிருக்கிறார். சாப்பாடு முடிந்ததும் அவரைச் சுவருக்குள் நிறுத்திவிட்டார்கள். கட்டியவன் ஒரு கொத்தன். கடைசிக் கல்லை அவன் கையில் எடுத்தபோது சுவர் நேர் பார்க்கிற அவனுடைய தூக்குநூலையே அவன் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள். 'இவனையே பேழையில் வை' என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. பிறகு அவர்களே அந்தக் கல்லை வைத்து மூடினார்கள். அந்தக் கொத்தனுக்கு இடக்கையில் ஆறு விரல் என்று சொல்லி, தவசி தன் இடக்கையை ஓட்டை வழியாக நீட்டினார். ஐந்து விரல்கள்தான் இருந்தன.

கொத்தனாரின் மனைவி கலவைச் சட்டியைக் கீழே வைத்தாள். மடத்தின் கொடியில் ஆறு விரல், வாசல் வளைவில் ஆறு விரல், அவர்கள் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரிலும் ஆறு விரல். பேழைக்குள் தவசியின் கை என்று வைத்திருந்த அந்த ஆறு விரல் எலும்பைப் பார்க்கத்தான் எங்கிருந்தெல்லாமோ ஜனங்கள் வந்தார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் அதையே கொடியிலும் வரைந்து பறக்கவிட்டிருந்தார்கள்.

மண்டபத்தின் மூலையில் கேமரா இருந்தது. அதை மாட்டிய எலக்ட்ரீஷியன் மறுவாரமே மணிக்கூண்டிலிருந்து விழுந்து செத்திருந்தான். ஆகவே மடத்துச் செயலாளர் வந்து சேர்ந்தபோது கொத்தனார் கல்லைத் திரும்ப ஓட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். செயலாளர் மெல்லிய குரல்காரர், கோபம் வந்தால் இன்னும் மெல்லிசாகப் பேசுவார். சுவருக்குள் இருப்பது யார் என்பது, பதவிக்கு வரும் ஒவ்வொரு செயலாளருக்கும் முந்தையவர் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போகிற விஷயம்தான். அவருக்குப் பின்னால் மடத்துக் காவல் தலைவர் நின்றார். இருட்டிலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாததால் அவருக்குக் கூலிங்கிளாஸ் என்றே பெயர்.

"வயசானவர், நிம்மதியா இருக்கட்டும்" என்றார் செயலாளர். "நாளைக்குள்ள கான்கிரீட் போட்டு அடைச்சிருங்க."

வேலை முடியும்வரை கொத்தனாரின் மனைவி விருந்தினர் அறையில் மரியாதையாகத் தங்குவாள் என்று முடிவானது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் அவரை அவளிடம் விட்டார்கள். கூலிங்கிளாஸ் வாசலில் நின்றார். அடைக்காவிட்டால் இவளைக் கொல்வார்கள், அடைத்துவிட்டால் தன்னைக் கொல்வார்கள் என்று கொத்தனார் முணுமுணுத்தார். சாப்பாட்டைத் தொடவில்லை. இரவெல்லாம் யோசித்திருந்த மனைவி தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வெளிய நின்னு அடைச்சாத்தானே உங்களப் பிடிப்பாங்க. உள்ள நின்னு அடைங்க. அந்தப் பக்கம் தெருதானே, இடிச்சுட்டு வந்துருங்க."

"உன்னை என்ன செய்வாங்க?"

"நீங்க எங்கயோ உயிரோட இருக்கீங்கன்னு நினைக்கிற வரைக்கும் என்னைத் தொட மாட்டாங்க. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க வாயத் திறந்துருவீங்கன்னு பயம் இருக்கும்."

விடிவதற்குள் தெருவுக்கு வந்துவிடுவதாகச் சொல்லி அவர் எழுந்தார். தூசி பறக்கும் என்று சொல்லித் தார்ப்பாயைக் கட்டிக் கேமராவை மறைத்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு தவசியின் பக்கத்தில் போய் நின்றார். கற்களை மறுபடி அடுக்கி, கடைசிக் கல்லை உள்ளேயிருந்து இழுத்துப் பொருத்தினார். மண்டபத்துக்கு ஒரே வாசல், அதில் கூலிங்கிளாஸ் நின்றுகொண்டிருந்தார். அவர் உள்ளே போனபோது ஈரமான சுவரும் காலியான சட்டியும்தான் இருந்தன. செயலாளர் சுவரை வெகுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். ஆனால் திறந்தால் இரண்டு பேரை மறுபடி அடைக்க வேண்டும், அதற்கு இன்னொரு கொத்தனார் வேண்டும், அப்புறம் அவனை என்ன செய்வது? கொத்தனார் வேலையைப் பாதியில் விட்டு ஓடிப்போனார் என்று அறிவித்தார்கள். மனைவியை அனுப்பிவிட்டு, அவள் பின்னாலேயே ஆள் போட்டார்கள்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு விடியுமுன் தெருப்பக்கச் சுவருக்குப் போனாள். விடிந்தது. பள்ளிக்கூட மணி அடித்தது. சுவரில் காதை வைத்தால் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வாரம் கழித்து அவளே உளியோடு வந்து இடித்தாள். காவலாளிகள் அடித்து விரட்டினார்கள். போலீஸ் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் அமைதியாகக் கேட்டுவிட்டு, புருஷன் ஓடிப்போன துக்கத்துக்கு நல்ல டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். மறுபடி இடித்தபோது மணிக்கட்டை ஒடித்தார்கள். அது சரியாகக் கூடவேயில்லை. மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், கட்டுப் போட்ட கையோடு சுவரில் சாய்ந்திருந்தபோது, உள்ளேயிருந்து உளி ஒரு தரம் தட்டியது. அடுத்த தட்டு கோடையில்தான் கேட்டது. இரண்டும் அவர் தட்டுகிற தட்டுதான், அவளுக்கு நன்றாகத் தெரியும். பொழுது சாய்ந்துவிட்டதா என்று தவசி கேட்டது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உள்ளே ஒரு சாயங்காலம் கழிவதற்குள் வெளியே எழுநூறு வருஷம் போயிருந்தது. அவருக்குக் கால்மணி நேர வேலை என்றாலே தனக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

அந்தச் சுவரோரமாகவே ஓர் இஸ்திரி வண்டி போட்டாள். தலைக்கு மேல் மடத்துக் கேமரா, முதுகுக்குப் பின்னால் புருஷன். அவள் அண்ணன் வேறு கல்யாணத்துக்கு ஆள் பார்த்து வந்தான். "எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, வேலையில இருக்காரு" என்று திருப்பி அனுப்பினாள். மகள் பெரியவளானதும், அப்பா ஓடிப்போய்விட்டார் என்று ஒத்துக்கொள்ளச் சொல்லிச் சண்டை போட்டாள். சுவரோடு குடும்பம் நடத்துகிறவள் வீட்டில் இருக்க முடியாது என்று கிளம்பிப்போய், எங்கேயோ கல்யாணமும் செய்துகொண்டாள். அம்மாவைக் கூப்பிடவில்லை. அன்று இஸ்திரிப் பெட்டியின் நெருப்பு அணையும்வரை அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றாள், சீக்கிரம் இடிங்க, சீக்கிரம் இடிங்க என்று. அந்த வருஷம் ஒரு தட்டுகூடக் கேட்கவில்லை. அவர் சற்று உட்கார்ந்து இளைப்பாறியிருக்க வேண்டும்.

செயலாளர்கள் மாறினார்கள். முதல் பிரசவத்துக்கு மகள் திரும்பி வந்தாள், மன்னிப்புக் கேட்கவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. தலை நரைத்த கூலிங்கிளாஸ் ஒருநாள் தன் சட்டைகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்தார். சட்டை தயாராகும்வரை சுவரில் கை வைத்தபடி நின்றார். அப்போது உளி தட்டியது. அவர் சட்டைகளை வாங்கிக்கொண்டு போனார். அதன்பின் தெருக் கேமரா ரிப்பேர் ஆனது, ரிப்பேராகவே இருந்தது.

கல் விழுந்தது ஒரு முற்பகலில். ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டு கொத்தனார் தெருவில் இறங்கினார். மீசையில் சுண்ணாம்பு, சட்டையில் காயாத கலவை, வயசில் ஒருநாள்கூடக் கூடவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் அவசரமாகத் தேடிவிட்டு, இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இருந்த வயதான பெண்ணிடம் வந்தார்.

"ஏம்மா, இங்க ஒரு பொண்ணு எனக்காக நின்னுட்டிருந்தாளா?"

"நின்னுட்டிருந்தா" என்றாள் அவள். "இன்னும் நின்னுட்டுத்தான் இருக்கா."

கொத்தனார் அவள் முகத்தைப் பார்த்தார், கோணலாகக் கூடிய மணிக்கட்டைப் பார்த்தார். கால்மணி நேரந்தானே ஆச்சு என்று சொல்லத் தொடங்கி, முடிக்க முடியாமல் நடைபாதையில் உட்கார்ந்து அழுதார். அவள் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வந்து அவர் தலையிலிருந்த தூசியைத் தட்டினாள்.

பின்னாலேயே தவசியும் வெளியே வந்தார். பேழையைப் பார்க்க நின்ற கூட்டத்திடம் தான் யாரென்று சொன்னார். முன்னால் நின்றவர் வரிசையில் வரும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அவரும் வரிசையில் நின்றார். முறை வந்தபோது அந்த ஆறு விரல் கையின் முன் தரையில் விழுந்து கும்பிட்டார். எழுந்திருக்க நேரமானதால் காவலாளி அவரைத் தூக்கி நகர்த்தினான். வெளியே வந்து, கண்ணில் பட்ட முதல் சாலையில் நடந்து போய்விட்டார். ஒரு பைத்தியம் மடத்துச் சுவரை இடித்துச் சேதப்படுத்தியதாக மடம் அறிக்கை விட்டது. கூட்டம் குறையவில்லை.

"அழறதெல்லாம் அப்புறம்" என்று மனைவி சொன்னாள். "எனக்கு மூட்டு வலி, கையப் பிடிங்க." அவள் நடைக்கு ஏற்றபடி மெல்ல நடந்து இருவரும் வீட்டுக்குப் போனார்கள். கதவைத் திறந்த மகள் அவரைவிட இரண்டு வயசு பெரியவளாகத் தெரிந்தாள். வழி விட்டு ஒதுங்கி, கால் கழுவிட்டு வாங்கப்பா என்றாள். தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வட்டாரத்தில் இப்போதும் நல்ல கொத்தனார் வேண்டுமென்று கேட்டால், மகள் அவரைவிடப் பெரியவளாக இருப்பாளே, அந்தக் கொத்தனாரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லி வீட்டுக்கு வழி காட்டுகிறார்கள்.