நாற்பதாவது நகர்வு

திரையில் அடுத்த நோயாளியின் பெயரைப் பார்த்ததும் டொக்டர் சந்திரகலாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அர்க்காதி ஸ்லாவின், வயது எழுபத்தொன்று, பிறந்த ஊர் கார்கிவ். சிட்னியில் எத்தனையோ கிளினிக் இருக்க, இந்த மனிதருக்கு மெரிலேண்ட்ஸில் இவளுடைய கதவுதானா கிடைத்தது!

"அன்ரி, ஆளை உள்ளுக்கு விடட்டோ?" என்று வரவேற்பு மேசைப் பெண் வினுஷா எட்டிப் பார்த்தாள்.

"விடு பிள்ளை," என்றாள். வேறு என்ன சொல்வது? டொக்டர் மேசைக்கடியில் ஒளிந்துகொள்ளவா முடியும்?

விஷயம் இதுதான். 1986இல் சந்திரகலா கார்கிவ் நகரில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். சோவியத் அரசின் புலமைப்பரிசில், யாழ்ப்பாணத்திலிருந்து போன இருபத்தொரு வயதுப் பெட்டை. மறைந்த பழைய மாஸ்டர் ஒருவரின் நினைவாக அங்கே ஒரு சர்வதேசச் சதுரங்கப் போட்டி நடந்தது. செஸ் தெரிந்த மாணவர்களை உதவிக்குக் கூப்பிட்டார்கள். மேடைச் சுவரில் ஆளுயரப் பலகை மாட்டியிருக்கும். கீழே ஆட்டக்காரர் நகர்த்தும் ஒவ்வொரு காயையும், சனம் பார்க்கும்படி, நீண்ட தடியால் மேலே நகர்த்த வேண்டும். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி பிடித்த கைக்கு அது ஒரு வேலையா? வெளுத்து வாங்கினாள்.

கடைசிக்கு முதல் சுற்று. ஸ்லாவின் வென்றால் சர்வதேச மாஸ்டர் பட்டம். இரண்டரை மணி நேரத்துக்குள் நாற்பது நகர்வு முடிக்க வேண்டும், முடிக்காவிட்டால் தோல்வி. முடித்துவிட்டால் ஆறுதலாக யோசிக்கலாம். அவருக்கு நேரம் நெருக்கிவிட்டது. நகர்வுகளைத் தாளில் எழுதுவதை நிறுத்தி, காயைப் படபடவென்று அடித்து வைத்தார். எத்தனை ஆயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. பலகைக்காரிக்குத் தெரியும், சரியாக நாற்பது. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். முடிந்ததா?

கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் ஆட்டுகிற மாதிரி, தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாகச் சாய்த்து ஆட்டினாள். ஓம், முடிந்தது.

அந்த ஊரில் தலை பக்கவாட்டில் அசைந்தால் 'இல்லை'. மனிதர் பதறிப்போய் ராணியைத் தூக்கி எங்கோ வைத்தார். பட்டமும் போச்சு, ஆட்டமும் போச்சு. தான் செய்த வினை அடுத்த கிழமைதான் அவளுக்கு விளங்கியது. உடற்கூற்றியல் வாய்மொழித் தேர்வில் அவள் 'ஓம்' என்று தலையாட்ட, பேராசிரியர், "ஏன் இல்லை என்கிறாய்?" என்று சீறினார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுடைய நெஞ்சு முப்பத்தொன்பது வருசம் குறுகுறுத்தது.

ஸ்லாவின் வந்து அமர்ந்தார். மெலிந்து, கூன் விழுந்து, கையில் போனோடு. ஊரில் போர் தொடங்கியதும் மகளிடம் வந்துவிட்டாராம். ஆங்கிலம் வராது. ரஷ்யனில் போனுக்குச் சொல்ல, அது ஆங்கிலத்தில், "என் தலை ஒரு சக்கரம்," என்றது. ஆறு வருசத்துக்கு மேல் அந்த மொழியிலேயே படித்தவள், ஒரு சொல்லும் தெரியாதவள்போல முகத்தை வைத்துக்கொண்டு, தலைச்சுற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதி, பத்து நாளில் வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். வெட்கம்கெட்ட வேலை!

அன்றிரவு கிரவீனில் இருக்கும் வீட்டுக் குசினியில் கணவர் அரியரத்தினம் புட்டைப் பிசைந்தபடி அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தார். கலியாணமான முதல் மாதமே இந்தக் கதை அவருக்குப் பாடம்.

"விசரே உமக்கு? பாசை தெரிஞ்சுகொண்டு அந்த மனுசனைப் போனோடை மல்லுக்கட்ட விட்டிருக்கிறீர்."

"பயமாக் கிடக்கப்பா. நான் ஆரெண்டு தெரிஞ்சால்?"

"தெரிஞ்சால் ஏசுவார். ஏச்சு ஒருநாளோடை முடிஞ்சிடும். நீர் இவ்வளவு காலமும் உம்மை ஏசினது காணாதே?"

மனுசன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியாதபோது அவளுக்கு வருகிற கோபம் தனிக் கோபம்.

பத்தாம் நாள் ஸ்லாவின் வந்தார். போனை எடுக்கப் போனவரைக் கையமர்த்தி, சந்திரகலா ரஷ்யனில் பேசினாள். "உங்கள் இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவு, அதைச் சரிப்படுத்தலாம். மற்றதைச் சரிப்படுத்த முடியுமோ தெரியாது. 1986 நினைவுப் போட்டியில் உங்கள் பலகையில் நின்றவள் நான்தான். நான் 'ஆம்' என்றுதான் தலையாட்டினேன். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆட்டுவோம். உங்கள் பட்டத்தைக் கெடுத்தவள் நான். என்னை மன்னியுங்கள்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார், அவளையே பார்த்தார்.

"மறுநாள் நீங்கள் மேடைக்கு வரவில்லை," என்றார்.

"சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேனே என்ற பயத்தில், காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு விடுதியில் போர்வைக்குள் கிடந்தேன்."

"காய்ச்சலா? நான் கேட்டதை நடுவர் பார்த்துவிட்டார், உங்களைப் பிடித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்றல்லவா நினைத்தேன்! வெளிநாட்டு மாணவி, உங்கள் ஊரிலும் சண்டை. விசாரிக்கலாம் என்று கல்லூரி வாசல்வரை வந்தேன். விசாரித்தால் நான் கேட்டது வெளியே வந்துவிடும் என்று பயந்து திரும்பிப் போனேன். பட்டம் இரண்டு வருசத்தில் கிடைத்துவிட்டது, அம்மா. அதை நான் ஒரு நாளும் சந்தோசமாகப் பார்த்ததில்லை."

சந்திரகலா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"படிப்பை முடித்தீர்களா?" என்று கேட்டார் ஸ்லாவின், கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு முன்னால் இருப்பவளிடம். "அங்கேயேவா?"

"அங்கேயேதான். தொண்ணூறாம் ஆண்டு முடித்தேன்."

கிழவர் அழுதார். அவளும் கடதாசித் துவாலைப் பெட்டியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, தனக்கும் ஒன்று உருவிக்கொண்டாள். அவர் மூக்கைச் சிந்திவிட்டு, மகளைப் போனில் அழைத்தார்.

"அந்தப் பெண் படிப்பை முடித்துவிட்டாள்," என்றார்.

எந்தப் பெண் என்று மகள் கேட்கவில்லை. "கடவுளே! எங்கே இருக்கிறாள் அப்பா?" என்றுதான் கேட்டாள்.