தலையணை இல்லாத டிரம்

பதினோரு வருடங்களாக என்னுடைய பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணையும் இரண்டு போர்வைகளும் என் மனைவியின் குளிர்காலக் கோட்டும் குடியிருந்தன. டிரம் அதிகமாக அதிரக் கூடாது என்று நானே திணித்தவை. காலால் பெடலை மிதித்தால் 'தொப்' என்று ஒரு சத்தம் வரும். அதைத்தான் நான் 'கச்சிதமான ஓசை' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிழைப்புக்கு நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கலைஞன். எங்கள் குழுவில் நாலு பேர். என் தங்கை பாடுவாள். பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சர். அவள் கணவர், அதாவது மாப்பிள்ளை, பேஸ் கிடார் வாசிப்பார். அவருடைய மெத்தைக் கடைக் கிடங்கில்தான் பயிற்சி. கீபோர்டுக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக். குழுவுக்குத் தலைவர் யார் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஆகவே நான்தான்.

தலைவன் என்ற முறையில் நான் தவறாமல் செய்துவந்த ஒரே வேலை, மாப்பிள்ளையைத் திருத்துவது. டிரம்மும் பேஸ் கிடாரும் ஒன்றாக விழ வேண்டிய இடத்தில் எங்களுக்கு எப்போதும் ஒரு பிசிறு தட்டும்.

"மாப்பிள்ளை, முந்திட்டீங்க. அவசரப்படாதீங்க" என்பேன்.

"சரிங்க மச்சான்" என்பார். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். அவருடைய நாற்பதாவது பிறந்தநாளுக்கு, டிக் டிக் என்று தாளம் காட்டும் மெட்ரோனோம் ஒன்றை அழகான தாளில் சுற்றிக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனது எனக்கு என்று அன்றைக்கு எனக்கே கொஞ்சம் நெகிழ்ச்சியாக இருந்தது.

போன மாதம் தங்கையின் பள்ளியில் புதிய அரங்கத் திறப்பு விழாவுக்கு மூன்று பாட்டு வாசிக்கச் சொல்லி எங்களைக் கூப்பிட்டார்கள். தங்கை ஒரு நிபந்தனை போட்டாள்.

"அண்ணா, உன் டிரம் கேட்டா லாரியிலேர்ந்து மூட்டை எறக்கற மாதிரி இருக்கு. அங்க வந்து அத வாசிக்காத. திறந்த சத்தமா வேணும். அடிச்சா கொஞ்ச நேரம் காத்துல நிக்கணும்."

"அதெல்லாம் ஒரு சாயங்கால வேலை" என்றேன்.

ஒன்பது சாயங்காலம் ஆயிற்று.

முதல் நாள் டிரம்மை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்பக்கத் தோலைக் கழற்றினேன். உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக உருவி வெளியே போட்டபோது மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு வந்ததும் அதைக் கையில் எடுத்து உதறினாள்.

"இத நான் எங்கக்கா எடுத்துக்கிட்டான்னு சொல்லி பத்து வருஷமா அவகூட சரியாப் பேசறதில்ல" என்றாள்.

நான் டிரம்முக்குள் தலையை விட்டு ஏதோ ஆணியைத் தேடுவதுபோல் பாவனை செய்தேன்.

முன்தோலில் இருந்த பெரிய ஓட்டைதான் குற்றவாளி என்று முடிவு செய்து, ஓட்டையில்லாத முழுத்தோல் வாங்கி மாட்டினேன். சுற்றிலும் இருக்கும் திருகுகளைச் சாவியால் எதிரெதிராக முறுக்கினேன். அதிகம் முறுக்கினால் காலி வாளியைத் தட்டுவதுபோல் 'டங்' என்றது. தளர்த்தினால் தோல் சுருங்கிக் காகிதம்போல் படபடத்தது. கடையில் கண் பரிசோதிக்கும் பழக்கத்தில் மனைவியைக் கூப்பிட்டு, "இது நல்லாருக்கா, இதுவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லா கேட்டுச் சொல்லு."

"மொதல்ல கேட்டது."

"மொதல்ல கேட்டதத்தான் இப்பவும் அடிச்சேன்."

ஏழாவது நாள் வழி பிடிபட்டது. தோலில் இருக்கும் சுருக்கம் மறையும் மட்டும் முறுக்கி, அதற்கு மேல் அரைத் திருகு. முன்தோலை மட்டும் பின்தோலைவிட ஒரு பிடி இறுக்கமாக. அவ்வளவுதான். உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினேன். 'டூம்ம்ம்' என்று எழுந்த ஓசை அறையைச் சுற்றி வந்து ஜன்னல் கண்ணாடியைத் தொட்டு மெல்ல அடங்கியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.

'தொப்.'

மறுபடி கையால் தட்டினேன். டூம்ம்ம். காலால். தொப். பெடல்மீது பழியைப் போட்டு எண்ணெய் விட்டேன். பிறகு பழியைத் தரைமீது போட்டு டிரம்முக்கு அடியில் பலகை வைத்தேன். இரண்டு நாள் இப்படியே போனது. ஒன்பதாவது நாள் மனைவி அதே அறையில் தரையில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணுக்கு நேரே என் கால்.

"ஏங்க, அடிச்சிட்டு ஏன் அதுமேலயே சாஞ்சு நிக்கறீங்க?"

"என்னது?"

"அந்தச் சுத்தி போய்த் தோல்ல ஒட்டிக்குது. நீங்க கால எடுக்கவே மாட்டேங்கறீங்க. கூப்பிட்டவன் வாயையே பொத்தினா அவன் எப்படிப் பேசுவான்?"

குனிந்து பார்த்தேன். உண்மைதான். பெடலின் சுத்தி தோலில் பட்டதும் அதை அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தேன். காலைத் தளர்த்தி, பட்டதும் விலகவிட்டு அடித்தேன். ஓசை வந்தது. முப்பது வருடமாக டிரம் வாசிப்பவனுக்கு, மடித்த துண்டைக் கையில் வைத்திருந்த ஒருத்தி சொல்லித்தர வேண்டியிருந்தது.

"இப்ப இது நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த சட்டையை எடுத்தாள்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு அந்த அரங்கத்திலேயே ஒத்திகை. வெறும் சுவர், உயரமான கூரை, நாற்காலிகள்கூட இன்னும் வரவில்லை. முதல் பாட்டை ஆரம்பித்தோம். டிரம் முழங்கியது. தங்கை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நான் மந்திரி தோரணையில் தலையசைத்தேன். நாலு வரி போவதற்குள் அவள் சிரிப்பு போய்விட்டது. பாட்டை நிறுத்தினாள்.

"மாப்பிள்ளை, முந்தறீங்க" என்றேன், வழக்கப்படி.

லிஃப்ட் மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சார், தப்பா நெனக்காதீங்க. போன்ல பதிவு பண்ணியிருக்கேன். மெட்ரோனோமும் கூடவே ஓடுச்சு. கேளுங்க."

கேட்டோம். டிக் என்ற சத்தமும் மாப்பிள்ளையின் பேஸும் ஒட்டிப் பிறந்தவைபோல ஒன்றாக விழுந்தன. அதற்குப் பிறகு, கதவு சாத்தியபின் ஓடிவரும் பயணிபோல, என் டூம். ஒரு டூம் அல்ல, இரண்டு. ஒற்றை அடி போதும் என்ற இடங்களில் எல்லாம் நான் இரட்டை அடி அடித்திருந்தேன். அதை என் தனி பாணி என்று நினைத்திருந்தேன். இத்தனை காலம் தலையணையும் மெத்தைக் கிடங்கும் சேர்ந்து அதை மூடி மறைத்திருந்தன. தாளம் போடுகிறவனே பிந்துவான் என்று யாருக்குத் தோன்றும்?

மாப்பிள்ளை கிடாரின் கம்பியைத் துடைத்தார். பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னார்: "அப்ப நீங்க குடுத்த மெட்ரோனோம் நல்லாத்தான் இருந்திருக்கு. வீட்ல வாசிச்சா அதோட சரியாப் போகுது, இங்க வந்தா முந்திடறேன். அதுதான் பழுதுபோலன்னு ரெண்டு தடவ ரிப்பேருக்குக் குடுத்தேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் தலையணையைக் கையில் வைத்துக்கொண்டு டிரம் முன்னால் வெகுநேரம் நின்றேன். உள்ளே போட்டு மூடிவிட்டால் மறுபடி கச்சிதமான ஓசை. தங்கையிடம் தோல் கிழிந்துவிட்டது என்று சொல்லலாம். ஆனால் மெக்கானிக்கின் போனுக்குள் தலையணை போட முடியாதே.

மறுநாள் மன்னிப்புக் கேட்க மெத்தைக் கடைக்குப் போனேன். மாப்பிள்ளை ஒரு மெத்தையைச் சுவரோரமாக நிமிர்த்திக்கொண்டிருந்தார். "வாங்க மச்சான்" என்றார். தலையணைகளை அமுக்கிப் பார்த்தேன். பஞ்சா ரப்பரா என்று கேட்டேன். அவரும் பொறுமையாக விளக்கினார். கடைசியில் ஒன்றை எடுத்து, "இது போதும்" என்றேன்.

"டிரம்முக்குள்ள போடவா?"

"இல்ல. எனக்கு."

"டிரம்லேர்ந்து எடுத்தது உங்ககிட்டதான் இருக்கே மச்சான்."

அதற்கு மேல் நடிக்க முடியவில்லை. "பதினோரு வருஷம் உங்கள எல்லார் முன்னாடியும் முந்தறீங்க முந்தறீங்கன்னு சொல்லியிருக்கேன் மாப்பிள்ளை. தப்பு என்மேல. அந்தப் பிறந்தநாள் பரிச நெனச்சாத்தான் ரொம்பக் கூசுது."

அவர் மெத்தையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். நல்ல மெத்தை, இருவரும் நடுவை நோக்கிச் சரிந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டோம்.

"கோவம் இருந்துச்சு" என்றார். "நேத்து ராத்திரி உங்க தங்கச்சிகிட்ட சொன்னேன், இனிமே வரலன்னு. அவ சரின்னுட்டா. அவ தடுப்பான்னு நெனச்சேன்." மெத்தையின் ஓரத்தை நீவிக்கொண்டே, "ஒத்த அடி அடிங்க மச்சான். ரெண்டாவது அடி உங்களுக்கு வேணாம். அந்த எடத்த எனக்கு விட்டுடுங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்கக் கடை சாத்தியதும் நாங்கள் இருவர் மட்டும் கிடங்கில் வாசித்தோம். ஓர் அடி, பிறகு காலை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தொடை துடித்தது. அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

விழாவில் முதல் இரண்டு பாட்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவது பாட்டின் நடுவில் தங்கை மூச்சு வாங்க நிறுத்தும் ஓர் இடம். அரங்கமே அமைதியாக இருக்க வேண்டும். என் கால் அதன் பழைய புத்தியைக் காட்டியது. டூம்ம்ம். முந்நூறு பேருக்கு நடுவே அந்த ஒற்றை முழக்கம், யாரும் கூப்பிடாமல் வந்தவன்போல, போகவும் மாட்டாமல் நின்றது. அவ்வளவு பாடுபட்டு அதை நீண்ட நேரம் நிற்கும்படி செய்திருந்தேன்.

அப்போது மாப்பிள்ளை என் பக்கம் திரும்பாமலே அந்த முழக்கத்தின் மேலேயே ஓர் ஆழ்ந்த சுரத்தை வைத்தார், அப்படித்தான் பாட்டு எழுதப்பட்டிருக்கிறது என்பதுபோல. தங்கை அதைப் பிடித்துக்கொண்டு மேலே பாடினாள். முன்வரிசையில் யாரோ தலையாட்டினார்கள்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தலைமையாசிரியை மேடைக்கு வந்தார். "நடுவுல ஒரு சத்தம் வந்துச்சே, நெஞ்சுல வந்து விழுந்த மாதிரி. ரொம்ப நல்ல ஸ்பீக்கர். எங்க வாங்கினீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை பதில் சொல்லிவிட்டார்.

"ஸ்பீக்கர் இல்ல மேடம். அது எங்க மச்சானோட கால்."