ஆறாம் நம்பர்

மாடிப்படி விளக்கு தானாக அணைவதற்கு அண்ணி ஒரு காரணம் வைத்திருந்தாள்.

"உங்க அண்ணன்தான் அணைக்கிறாரு தம்பி."

சின்னவன் நடையிலிருந்த பிரேக்கர் பெட்டியைப் பார்த்தான். அண்ணன் தம்பி இருவருமே எலக்ட்ரீஷியன்கள். மூன்று வருஷத்துக்கு முன் இதே நடையில், இதே பிரேக்கர் பெட்டிக்குள் கை வைத்தபோதுதான் பெரியவன் கரண்ட் அடித்துச் செத்தான். மெயினை அணைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்திருந்தான். ஆனால் எல்லோரும் ஓடிவந்தபோது மெயின் போட்டிருந்தது. அண்ணியின் கை அதன்மேல் இருந்தது. அவன் விழுவதற்கு முன்னால் போட்டாளா, விழுந்த பதற்றத்தில் போட்டாளா என்று அவளுக்கே ஞாபகமில்லை. முன்னால்தான் என்று சொந்தபந்தம் முடிவு கட்டியது, அவளும் நம்பிவிட்டாள். அன்றிலிருந்து அவள் ஒரு சுவிட்சையும் தொட்டதில்லை. விளக்குப் போட மகளைக் கூப்பிடுவாள்; மகள் இல்லாவிட்டால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பாள்.

"பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணி. ஆறாம் நம்பர் பிரேக்கர் கெட்டுப்போச்சு. சூடாகித் தானா விழுந்துடுது. மாத்திட்டா சரியாயிடும்."

"அவர் இருக்காருன்னு நெனச்சுட்டாவது இருந்தேன்," என்றாள் அண்ணி. "சரி, மாத்துங்க."

சின்னவன் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தான். ஹால் பிளக்கில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொண்டான். மெயினை அணைத்தான், சின்னப் பூட்டு ஒன்று போட்டான், சாவியை அவள் உள்ளங்கையில் வைத்தான். "உங்ககிட்டயே இருக்கட்டும்."

பெட்டியின் மூடியில் பெரியவனின் கோழிக் கிறுக்கல்: ஹால், கிச்சன், ஃபேன். ஆறுக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை. மூடியைக் கழற்றி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஐந்து வரைக்கும் டெஸ்டர் எரியவில்லை.

ஆறில் எரிந்தது.

அண்ணி டெஸ்டரைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், கையை விரித்துச் சாவியைப் பார்த்தாள்.

ஆறுக்கு வந்த ஒயர் கீழ் மெயினிலிருந்து வரவில்லை. மாடி வீட்டு மீட்டரிலிருந்து சுவரைத் துளைத்துக்கொண்டு இறங்கியது; கீழ் மெயினை அணைத்தாலும் அதில் கரண்ட் நிற்காது. அதன் முனையில் பச்சை டேப். பெரியவன் சாகும்வரை கறுப்பு டேப்பைத் தவிர வேறு தொட்டதில்லை. "என்னடா, பெட்டிக்குள்ள கிளி வளர்க்கிறியா?" என்று பச்சை டேப்காரனைத்தான் கிண்டல் செய்வான். அண்ணன் செத்த வாரம், மாடிப்படி விளக்குக்காக அவசரத்துக்கு இழுத்த ஒயர். நாளைக்கு அண்ணனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டது. இத்தனை நாளில் ஒரு தடவைகூட இது அவனுக்கு உறைக்கவில்லையாம். உறைக்க விடவில்லை என்பதுதான் சரி.

"யாரு இழுத்தது இது?"

பெரியவன் என்று சொல்லிவிடலாம். செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான்தான் அண்ணி. அவன்கிட்ட சொல்லல. மறந்துட்டேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தான். கத்தியிருந்தால் தேவலை.

"அப்ப நான் இல்ல," என்றாள். மறுபடியும், "நான் இல்ல."

அப்புறம் விறுவிறுவென்று மாடிப்படி ஏறினாள். மாடி வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை; அவர்கள் மெயின் படி உச்சியில், வெளிச்சுவரிலேயே இருந்தது. மேலே டக்கென்று ஒரு சத்தம். மூன்று வருஷத்தில் அவள் தொட்ட முதல் சுவிட்ச்.

"அணைச்சுட்டேன்."

ஆறில் டெஸ்டரை வைத்தான். எரியவில்லை. மறுபடி வைத்தான். எரியவில்லை. இருந்த ஒரே பூட்டு கீழ் மெயினில் தொங்கியது. அதன் சாவியும் மேலே அவளிடம்.

"அண்ணி... யாரும் தொடாம பாத்துக்குங்க."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஆறுக்கு நேரே பிடித்தான்.

"நான் இங்கதான் நிக்கிறேன் தம்பி," என்றது மேலிருந்து அவள் குரல். "நீங்க கைய வைங்க."

சின்னவன் கையை வைத்தான்.