நாலு அங்குலம்

ஒன்பது மேட்ச் ஆடி ஒன்பதிலும் தோற்ற கல்லூரி அணியின் கோச், காலையில் கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்வதே பெரிய காரியம். அன்று அவர் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டார். முதல் நாள்தான் பிரின்சிபால் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: கடைசி மேட்சிலும் தோற்றால் பாஸ்கெட்பால் அணியைக் கலைத்துவிட்டு, ஆட்டக்கூடத்தைத் தேர்வுக்கூடமாக மாற்றிவிடுவார்களாம். கோச் பன்னிரண்டு வருஷமாகக் கட்டிக் காத்த அணி. அழத் தெரிந்த மனுஷனாக இருந்தால் அந்த அறையிலேயே அழுதிருப்பார்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், பயிற்சியில் பையன்களை அடிக்க ஆளில்லை. பத்துப் பந்து போட்டால் எட்டு வளையத்துக்குள் விழும். அணியிலேயே உயரமானவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். போன வருஷம் எகிறினால் அவன் விரல்நுனிதான் வளையத்தைத் தொடும். இந்த வருஷம் விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே எகிறி, இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். "எல்லாம் நான் சொல்லிக்குடுத்த எக்சர்சைஸ்!" என்று கோச் ஸ்டாஃப் ரூமில் மார்தட்டிக்கொண்டார். கேட்டவர்களுக்குக் காது புளித்துப் போயிற்று.

ஆனால் மேட்ச் என்று வந்துவிட்டால் எல்லாம் கந்தல். பார்வையாளர் உட்கார இடமில்லாததால் சொந்தக் கூடத்தில் மேட்சே நடப்பதில்லை. வெளியே போனால் இதே ஒட்டடைக்குச்சி வளையத்தை உரசிவிட்டு வெறுங்கையோடு இறங்குவான். தூரத்திலிருந்து குறிபார்த்துப் போடுவதில் கெட்டிக்காரன் ஒருவன் இருந்தான். அவன் போடும் பந்தெல்லாம் வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பி வரும். ஐந்தாவது தோல்வியன்று கோச் கோபத்தில் அவனுக்குப் 'பாதிவழி' என்று பெயர் வைத்தார். அது பசைபோல ஒட்டிக்கொண்டது. "கூட்டத்தப் பாத்தா உங்களுக்கெல்லாம் கை கால் உதறுது" என்று மொத்த அணியையும் வறுத்தெடுத்தார்.

அன்று மாலை பயிற்சிக்கு வந்த பாதிவழி ஒரு தாளை நீட்டினான். "சார், நான் விலகிக்கறேன். என் கையில என்னமோ கோளாறு. என்னால மத்தவங்களும் ஏன் தோக்கணும்?"

கோச் அதைப் பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பத்து நாள் பொறுடா, கடைசி மேட்ச் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார். அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி உள்ளே வந்தாள். தையல் கடை வைத்திருப்பவள். கிழிந்த ஜெர்சிகளைத் தைத்து எடுத்துவந்திருந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிஷம் பயிற்சியைப் பார்த்தாள்.

"எல்லாம் விழுதேங்க. இவங்களையா திட்டிக்கிட்டே இருக்கீங்க?"

"இங்க விழும். வெளிய போனா குட்டையாப் போயிடும்."

"யாருக்கு?"

"எல்லாருக்கும்தான்!"

"ஒருத்தருக்குக் குட்டையாப் போனா ஆள் மேல தப்பு. எல்லாருக்கும் ஒரே மாதிரி குட்டையாப் போனா அளவுலதாங்க தப்பு."

கோச்சுக்குச் சுருக்கென்றது. வளையம் மாட்டிய இரும்புக் கம்பத்தைக் காட்டினார். அதில் சிவப்புப் பெயின்டில் 'பத்தடி' என்று அவர் கைப்பட எழுதியிருந்தது. "நானே ஏணி போட்டு அளந்தது. ஒரு நூல் பிசகாது."

"எப்ப அளந்தீங்க?"

"கம்பம் நட்டப்ப. ஏழு வருஷம் இருக்கும்."

அவள் காலால் தரையைத் தட்டினாள். "இந்தப் பலகைத் தரை?"

அவர் குனிந்து காலடிப் பலகையைப் பார்த்தார். விடுமுறையில்தான் பழைய சிமென்ட் தரைமேல் சட்டம் அடித்துப் பலகை போட்டார்கள். தரை உயர்ந்தது, கம்பம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுடைய டேப்பை இரண்டு தடவை வைத்து ஏணியில் அளந்தார்கள். ஒன்பதடி எட்டு அங்குலம். முழுசாக நாலு அங்குலம் குறைவு.

பையன்கள் மறுபக்கம் பந்து தட்டிக்கொண்டிருந்தார்கள். விடிவதற்குள் வெல்டரைக் கூப்பிட்டுச் சத்தமில்லாமல் உயர்த்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கோச்சுக்குத் தோன்றத்தான் செய்தது. சட்டைப்பையில் அந்தத் தாள் உறுத்தியது. விசிலை ஊதினார்.

"பசங்களா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. வளையம் நாலு அங்குலம் கீழ இருக்கு. தரை போட்டப்புறம் நான் அளந்து பாத்திருக்கணும், பாக்கல. ஒன்பது மேட்ச் தோத்தது என்னாலதான்."

பையன்கள் அண்ணாந்து வளையத்தைப் பார்த்தார்கள்.

"அப்ப நான் வளரவே இல்லையா சார்?" என்றான் ஒட்டடைக்குச்சி.

கூடமே வயிறு வலிக்கச் சிரித்தது. பாதிவழி மட்டும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப என் கை நல்லாத்தான் இருக்கா சார்?" என்று கேட்கும்போதே அவன் கண் நிறைந்துவிட்டது. கோச் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாளைக் கிழித்தார். "உன் கை கொள்ளை அழகா இருக்குடா" என்றார். அவருக்கும் அழத் தெரிந்திருந்தது.

மறுநாள் வெல்டர் வந்தார். முதல் மூன்று நாள் பயிற்சியைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாலாம் நாள் ஒன்றிரண்டு விழுந்தது. எட்டாம் நாள் பத்துக்கு ஆறு.

கடைசி மேட்ச். இரண்டு விநாடி பாக்கி, இரண்டு பக்கமும் சமம். எதிராளி தள்ளிவிட்டதால் பாதிவழிக்கு, மறிக்க ஆளில்லாமல் வளையத்தில் போட இரண்டு ஃப்ரீ த்ரோ. பிரின்சிபால் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முதல் பந்து வளையத்தைத் தாண்டிப் போய்ப் பின்பலகையில் மோதித் தெறித்தது. எல்லாரும் தலையில் கைவைத்தார்கள். கோச் மட்டும் துள்ளினார். "நீளமாப் போச்சு! டேய், நீளமாப் போச்சுடா!" அந்த வருஷம் பூராவும் மேட்சில் அவர்களுடைய ஒரு பந்துகூட நீளமாகப் போனதில்லை. பாதிவழி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டான். சிரித்த முகத்தோடேயே இரண்டாவதைப் போட்டான். உள்ளே விழுந்தது.

மணி அடித்தது. கோச் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிரின்சிபால் எழுந்து வந்து, "தேர்வுக்கூடத்துக்கு வேற இடம் பாத்துக்கறேன்" என்று கைகொடுத்துவிட்டுப் போனார்.

வெளியே பஸ் கிளம்பத் தயாராக உறுமியது. ஜன்னலிலிருந்து ஒட்டடைக்குச்சி எட்டிப் பார்த்தான்.

"நாலங்குலம் சார்! ஏறுங்க, நேரமாச்சு!"

ரகசியமாக வைத்த பெயர் வெளியே வந்துவிட்டதே என்று பக்கத்திலிருந்தவன் சட்டென்று அவன் வாயைப் பொத்தினான். கோச் நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டேன்டா" என்று சொல்லி ஏறினார்.