மறுத்த காரணம்

ஆபீஸில் என் பெயர் நொட்டை. அடுத்தவர் எழுதிய நிரலில் நொட்டை சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்பதால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. எங்கள் கம்பெனி, பல கணினிகளில் ஒரே சமயம் எழுதப்படும் பிளாக்செயின் பேரேட்டில் ஒரு சம்மதப் பதிவேடு நடத்துகிறது. ஆபரேஷனுக்குப் போகிறவர், தான் மயக்கத்தில் இருக்கும்போது தனக்காக யார் முடிவு சொல்ல வேண்டும் என்று ஒரு பெயரை அதில் பதிந்துவைப்பார். பதிந்தவர் மட்டும்தான், தன் போனில் இருக்கும் சொந்த ரகசியச் சாவியைப் போட்டுத்தான், அதை மாற்ற முடியும்.

இதைக் காவல் காக்கிற நிரலுக்கு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று பெயர்; பிளாக்செயினில் ஒருமுறை ஏறிவிட்டால் ஏறியதுதான். ஒரு கமாவைக்கூடத் திருத்த முடியாது. நிறுத்தும் பொத்தானும் கிடையாது. யாராலும் நிறுத்த முடியாது என்பதையே பெருமையாக விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். ஆகவே ஏற்றுவதற்கு முன்னால் அதை எத்தனை விதமாக ஏமாற்றலாமோ அத்தனை விதமாகவும் ஏமாற்றிப் பார்க்கிற சோதனைகளை நான் எழுதுகிறேன். மொத்தம் நூற்று எண்பத்து நான்கு. ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாம் தானாக ஓடும். தேறியது பச்சை, தேறாதது சிவப்பு.

கான்ட்ராக்ட் ஏறி ஏழு மாதம் ஆகியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த பதிப்புக்காகச் சோதனைகளைத் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். அறுபத்தொன்றாவது சோதனை இதுதான்: முன்பின் தெரியாத ஒருவர் வந்து நோயாளி பதிந்த பெயரை மாற்றப் பார்த்தால், கான்ட்ராக்ட் மறுக்க வேண்டும். மறுத்தால் போதும் என்று விட்டிருந்தேன். என்ன காரணம் சொல்லி மறுக்கிறது என்று கேட்கவில்லை. சரி, அதையும் சேர்ப்போமே என்று "உரிமை இல்லை" என்ற காரணத்தை எழுதி ஓட்டினேன். ஏழு மாதம் பச்சையாக இருந்த வரி சிவப்பாகிவிட்டது.

கான்ட்ராக்ட் சொல்லியிருந்த காரணம் வேறு: "அப்படி ஒரு பதிவே இல்லை." வரிசையைப் பார்த்தேன். நோயாளி பதிவு செய்கிற வரியை, அந்த ஆள் முயற்சி செய்கிற வரிக்குக் கீழே வைத்திருந்தேன். வீடு கட்டுவதற்கு முன்பே திருடனை அனுப்பி, அவன் வெறுங்கையோடு திரும்பியதும், பூட்டு நல்ல பூட்டு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டு வரிகளையும் மேலும் கீழுமாக மாற்றி ஓட்டினேன். அந்த ஆள் நேராக உள்ளே போய், பெயரை மாற்றிவிட்டு வந்தார். கான்ட்ராக்ட் மூச்சுக்கூட விடவில்லை. கான்ட்ராக்டை எழுதியவரைக் கூப்பிட்டேன்.

அவரை நாங்கள் சித்தர் என்போம். நாளுக்கு நாலு வார்த்தைதான் அவர் கணக்கு. திரையைப் பார்த்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பதிவு இருக்கான்னு கேட்டிருக்கேன். வந்தது யாருன்னு கேக்கவே இல்லயே. இவ்ளோ நாள் எப்படி பச்சையா இருந்துச்சு?"

"என் தப்பு. உங்க தப்ப என் தப்பு மூடி வச்சிருந்துச்சு."

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. இப்ப வெளிய சொன்னோம்னா, பதிஞ்சிருக்கற ரெண்டாயிரத்து முந்நூறு பேரும் இடம் மாறுறதுக்குள்ள எவனாவது உள்ள பூந்துடுவான். நாளைக்கு சாயங்காலம் புது கான்ட்ராக்ட் ஏறணும். இப்ப இருக்கற பேர எல்லாம் அப்படியே அதுல ஏத்திடுவோம். அப்புறமா எல்லாருக்கும் சொல்லிடலாம்." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை இன்னும் எரிச்சலாக்கியது. திட்டக்கூட ஆள் இல்லாமல், பழி முழுவதும் என் தலையிலேயே உட்கார்ந்திருந்தது.

இந்த வாரம் ஆபரேஷன் உள்ளவர்கள் பதினொரு பேர். அவர்கள் பதிவில் யாரும் கை வைத்திருக்கிறார்களா என்று முதலில் பார்க்கச் சொன்னார். பட்டியலில் நான்காவது என் அக்கா. வியாழன் காலை, மூளையில் கட்டி. இந்தப் பதிவேட்டுக்கு அவளை இழுத்துவந்ததே நான்தான். "நான் டெஸ்ட் பண்ணினதுதான் அக்கா, கண்ண மூடிட்டு பதியலாம்" என்று சொல்லி, என் பெயரைப் பதியவைத்தேன்.

அங்கே என் பெயர் இல்லை. அத்தானின் பெயர் இருந்தது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு, அக்காவை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போன மனிதர் அவர். ரத்தம் கொதித்தது. ஓட்டை வழியாக வந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கையொப்பத்தைச் சரிபார்த்தேன். பதினொரு நாளுக்கு முன்னால், அக்காவின் சொந்தச் சாவியைப் போட்டு மாற்றியிருந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. அத்தான்தான் வந்து பார்க்கிற சாக்கில் அவள் போனை எடுத்திருக்க வேண்டும் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் திணித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

அக்கா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். மூன்று மொழி. சாட்சி அழுதால் அழுகைக்கு நடுவில் எந்தச் சொல் வந்தது என்று தவறாமல் சொல்வாள். கட்டி பேச்சுக்கான இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒட்டியிருக்கிறதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். ஒட்டியிருந்தால், முழுசாக எடுத்தால் உயிர் நிற்கும், பேச்சு போய்விடும். மிச்சம் வைத்தால் பேச்சு நிற்கும், ஆனால் ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோதான். விழிப்பில் வைத்துச் செய்ய அவள் உடம்பு தாங்காது. யாராவது ஒருவர் அப்போது சொல்லியாக வேண்டும்.

கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நர்ஸின் லீவு லெட்டரைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"அத்தான் உன் போன எடுத்தாராக்கா?"

அவள் பேனாவை மூடினாள். "பாத்துட்டியா? நான்தான்டி மாத்தினேன்."

"ஏன்? நான் செத்தா போயிட்டேன்?"

"கத்தாத. டாக்டர் வந்து கேட்டா நீ என்ன சொல்லுவ? நெஞ்சத் தொட்டுச் சொல்லு."

"உன் இஷ்டப்படிதான்" என்று சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

"முழுசா எடுங்கன்னுதான் சொல்லுவ. எனக்குத் தெரியாதா உன்ன? எனக்கு அது வேணாம். வாய் இல்லாம பத்து வருஷம் ஒக்காந்து சுவத்தப் பாக்கறதுக்கு, பேசிட்டே ஒரு வருஷம் இருந்துட்டுப் போறேன். அவருக்கு போன் பண்ணி எல்லாத்தையும் சொல்லிட்டேன். சரின்னாரு."

"விட்டுட்டுப் போன ஆளக்கா அவரு."

"அதான். ஒரு தடவ அவரால முடிஞ்சுது. இன்னொரு தடவயும் முடியும். உனக்கு வராதுடி அது."

வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. சின்ன வயதிலிருந்து அவள் பின்னாலேயே அலைந்தவள் நான். என்னை நம்பவில்லை என்றால்கூடப் பொறுத்திருப்பேன். அவள் என்னை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

லேப்டாப்பைத் திறந்தேன். பழைய கான்ட்ராக்டில் ஓட்டை அப்படியே இருந்தது. காலையில் நான் எழுதிய சோதனையில் ஒரே ஒரு வரியை எடுத்து, அக்காவின் பதிவு எண்ணைப் போட்டு, என் பெயரைப் போட்டேன். தட்டினால் முடிந்தது. நாளை சாயங்காலம் பெயர்களை அப்படியே புதியதில் ஏற்றுவார்கள். சரிபார்க்கிறவளும் நானே. அவள் பிழைத்துக்கொள்வாள். என்னைத் திட்டுவதற்காவது உயிரோடு இருப்பாள்.

விரலை என்டர் பட்டனுக்கு மேலே வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்து ஒரு சுளை நீட்டினார். வேண்டாம் என்றேன். பிறகு அந்த வரியை எழுத்தெழுத்தாக அழித்தேன். நல்லவள் என்பதால் அல்ல. அக்காவின் வாயை ஆபரேஷனுக்கு முன்னாலேயே அடைக்கிற முதல் ஆளாக நான் இருக்க வேண்டாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

புதன் மாலை புதிய கான்ட்ராக்ட் ஏறியது. அறுபத்தொன்றாவது சோதனையில் அது மறுத்தது, "உரிமை இல்லை" என்று காரணத்தையும் சொன்னது. சித்தர் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்தார். நான் பதினொரு பதிவுகளையும் சரிபார்த்தேன். நான்காவதில் அத்தானின் பெயர் சிந்தாமல் சிதறாமல் வந்து சேர்ந்திருந்தது.

வியாழன் காலை ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நானும் அத்தானும் இரண்டு மூலையில் உட்கார்ந்திருந்தோம். அத்தான் இளைத்திருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் கதவு திறந்தது. டாக்டர் முகமூடியை இறக்கி, "ஒட்டித்தான் இருக்கு. யாரு முடிவு சொல்றது?" என்றார்.

என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். நர்ஸ் கையிலிருந்த திரையைப் பார்த்து, "நீங்க இல்லம்மா" என்றாள். அத்தான் எழுந்து உள்ளே போனார். கதவின் கண்ணாடியில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. டாக்டர் ஏதோ கேட்டார். இன்னொரு முறை கேட்டார்.

திரும்பி வந்தவர் நேராக என் பக்கத்து நாற்காலியில் வந்து விழுந்தார். "பேச்சு போயிடும்னாரு. நிறுத்துங்கன்னு சொல்லத்தான் போனேன்" என்றார். மாற்றிப் போட்ட பொத்தானைத் திருகினார். "வாய்ல வரலம்மா. முழுசா எடுத்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைக்க மாட்டேன். அப்பாடா என்று உடம்பே தளர்ந்து, நாலு வருஷம் பேசாத அந்த மனிதரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறக்கட்டும், நம் இரண்டு பேரையும் கிழி கிழியென்று கிழித்துத் தோரணம் கட்டுவாள், வாங்கிக்கொள்வோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பாதியில்தான் எனக்கு உறைத்தது.

இனி அவளால் திட்டவே முடியாது.