புரட்டாத பக்கம்

பழைய மேசை நாற்காலி வாங்கி விற்கும் கடைக்காரருக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கண்ணுக்கு எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும். மூன்று வாரம் தூசிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதும், மனிதர் கடையைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"நான் திறக்கிறேங்க" என்றாள் மனைவி. இருபத்திரண்டு வருடமாகக் கடையின் பின்னறையில் சோபாவுக்கு உறை தைப்பவள். எந்த நாற்காலிக்கு எந்தக் கால் ஆடும் என்பது அவளுக்கு அத்துப்படி. முன்பக்கம் மட்டும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

"நீ உக்காந்தா, 'வீட்டுக்காரர் இல்லையா'ன்னு கேட்டுட்டு அப்படியே திரும்பிடுவாங்க."

நான்கு நாள் கேட்டாள். நான்கு நாளும் அதே பதில். ஐந்தாம் நாள் கேட்கவில்லை. வாங்க வந்த ஆள் விலை கேட்பதை நிறுத்தினால் வியாபாரி உஷாராக வேண்டும். படுத்திருந்ததில் இவருக்கு அது மறந்துபோயிற்று.

பொழுது போகவில்லை என்று புலம்பியவருக்கு, ஒரு பழைய மேசையின் இழுப்பறையோடு வந்திருந்த அட்டை கிழிந்த நாவலை வாசிக்க ஆரம்பித்தாள். அந்தக் காலத்துக் கதை. பண்ணைக்காரர் குதிரையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறார். படுத்தபடியே கட்டளையிடுகிறார். மனைவிக்கு வாய்த்த வசனம் "தங்கள் சித்தம்" ஒன்றுதான்.

"பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்றார் கடைக்காரர்.

அன்றைக்கு அத்தோடு அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். மறுநாள் மதியம் பண்ணைக்காரர் மனைவி நிமிர்ந்து நின்று, "நாதா, அறுவடை காத்திருக்காது. சாவியைத் தாருங்கள்" என்றாள். புத்தகத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது.

"அந்தாளு குடுத்தானா?"

"முதல்ல முறைச்சார். அப்புறம், 'உன் கெட்டிக்காரத்தனத்துக்கு என் கண்ணே பட்டுவிடும்'னு எடுத்துக் குடுத்துட்டார்."

"பரவாயில்லையே. விவரமான எழுத்தாளரா இருக்காரே."

ஆறு மதியம் இப்படியே ஓடியது. பண்ணைக்காரி அறுவடையை முடித்தாள், புதுக் கிணறு வெட்டினாள், வம்பு பேசிய மச்சினரை வாசலோடு அனுப்பினாள். ஏழாம் நாள் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"முடிஞ்சுதுங்க. கதையில அவர் சாவியைக் குடுத்ததாலதான் பண்ணை பிழைச்சுது."

"எந்தப் பக்கத்துல குடுத்தார்?"

அவள் மடியிலிருந்த புத்தகத்தைத் திருப்பி வைத்தாள்.

"ஆறு நாளா பக்கம் புரட்டுற சத்தமே கேக்கலையேம்மா. கட்டு கண்ணுலதானே, காதுலயா?"

"தெரிஞ்சேவா கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

"சரக்கு நல்லா இருந்துச்சு, நிறுத்த மனசு வரலை. சரி, அசல்ல என்னதான் ஆகுது?"

கடைசிப் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். "'விளைந்ததெல்லாம் மழையில் அழுகிற்று. ஆயினும் அந்த உத்தமி கணவன் சொல்லைத் தட்டவில்லை.'"

"விளைஞ்சது மொத்தமுமா?"

"மொத்தமும்."

"அடப்பாவி!" என்று எழுந்தே உட்கார்ந்துவிட்டார். எந்த வியாபாரிக்குத்தான் நெஞ்சு பொறுக்கும்? கை தலையணைக்கு அடியில் போனது. "கட்டுப் பிரிக்கிற வரைக்கும்தான்."

"அதுக்கப்புறமும்."

"அப்போ நான் எங்கே உக்கார்றது?"

"தையல் மெஷினுக்குப் பக்கத்துல ஸ்டூல் இருக்கு. ஒரே ஒரு கால்தான் ஆடும்."

"காலையில நீ, சாயங்காலம் நான்."

"அரை நாளுன்னா வேண்டாங்க." எழுந்து கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தாள். அந்த நடை அவருக்குத் தெரியும். அப்படிப் போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டே ஆயுசில் பாதியைக் கழித்தவர்.

"இந்தாம்மா, இந்தாம்மா! வா, பிடி."

சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"'வீட்டுக்காரர் இல்லையா'ன்னு எவனாவது கேட்டா?"

"'உள்ளே இருக்கார், கேட்டுட்டு வரேன்'னு பின்னறைக்கு வருவேன். உங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்துட்டு, 'அவர் ஒத்துக்கலை'ன்னு விலையை ஏத்திடுவேன்."

கடைக்காரர் கண் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கக் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.